வெள்ளை மேல் வெள்ளை

முக்காலியின் மேல் ஏறி நின்று, அலமாரி உச்சியிலிருந்த பெட்டியை இன்ஷிராஹ் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பெட்டி வருவதாக இல்லை. பக்கத்து அறையில் அவள் புருஷன் பய்யூமி போர்வைக்குள் கிடந்தார். சுபுஹுத் தொழுகை முடித்து, கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலில் காலுறையை மாட்டியவர், அடுத்த காலுக்கு வரவே இல்லை. டீயை எடுத்துக்கொண்டு வந்தவள், "என்ன, ஒரு காலோட உக்காந்துட்டீங்க?" என்று கேட்டாள். பதில் வராததும், வழக்கமாகப் பதில் சொல்லாத மனுஷன்தானே என்று டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதுதான் இப்போது நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

"கஃபன் துணி வந்துச்சா இல்லையா?" என்று ஹாலிலிருந்து தவ்ஹீதாவின் குரல் வந்தது. "குளிப்பாட்ட ஷேக் தண்ணி எல்லாம் வெதுவெதுன்னு எடுத்து வச்சுட்டு நிக்கிறாரு. மத்தியானம் லுஹருக்கு மய்யித்தப் பள்ளியில வைக்கணும்."

"வருது மதினி."

தவ்ஹீதா பய்யூமியின் அக்கா. செய்தி போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வந்து, ஹாலில் பால்கனிக் கதவுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்கள் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டியிருந்தது. அழுதால் அந்தத் தெருவே கேட்கும். அழாதபோது அந்த வீடே நடுங்கும். மகள் நஜ்லா குவைத்தில் இருந்தாள். அவள் ஃபோனில் அழுததைக்கூட, "சத்தம் போடாம அழு, மய்யித்துக்கு வேதனை" என்று அதட்டியவள் தவ்ஹீதா.

பெட்டி ஒரு வழியாக வந்தது. வந்த வேகத்தில் இன்ஷிராஹையும் முக்காலியிலிருந்து இறக்கிவிட்டது.

அந்தப் பெட்டியில் இருந்தது, இறந்தவரைச் சுற்றி அடக்கம் செய்கிற கஃபன்; அதிலும் சாமானியத் துணி இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக ஹஜ்ஜுக்குப் போயிருந்தபோது, மக்காவில் ஒரே துணிக்கட்டிலிருந்து கிழித்து வாங்கி, புனித ஊற்றான ஜம்ஜம் தண்ணீரில் முக்கி, தங்கியிருந்த கட்டிடத்தின் மொட்டைமாடியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் காயவைத்த துணி. கொடி கிடைக்கவில்லை என்பதால் இருவரும் கொடியாக நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. "யாரு முதல்ல போனாலும் இந்தத் துணியிலதான் போகணும்" என்று அன்று பேசிக்கொண்டார்கள். அவருக்கு மூன்று துண்டு, அவளுக்கு ஐந்து துண்டு. அலெக்ஸாந்திரியாவுக்குத் திரும்பி வந்ததிலிருந்து, ரொட்டிக்கடை வரிசையில் நின்றவர்களில் இன்ஷிராஹ் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் கிடையாது. தவ்ஹீதாவுக்கு அதில் பெரிய காய்ச்சல். அவள் ஹஜ்ஜுக்குப் போனது வேறு வருஷம். அவளுக்குத் துணி வாங்கத் தோன்றவில்லை.

இன்ஷிராஹ் பெட்டியைத் திறந்தாள். மேலே தன்னுடைய கட்டு, பச்சை நாடாவில் கட்டியது கட்டியபடியே இருந்தது. அதற்கடியில் அவருடையது. எடுத்து உதறினாள்.

உதறியதில் துணிக்கு நடுவே சன்னல் தெரிந்தது.

வட்டம் வட்டமாக ஓட்டை. நீள நீளமாக ஓட்டை. பிறை போல நாலைந்து. வட்டத்தின் அளவைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது அவளுடைய டீத் தட்டின் அளவு. இரண்டாவது துணியை உதறினாள். அதுவும் சல்லடை. மூன்றாவது துணியைக் காணவே காணோம்.

"அட பாவி மனுஷா" என்றாள் இன்ஷிராஹ் மெதுவாக. "கடைசியில இதையுமா வெட்டி ஒட்டிட்டீங்க!"

விஷயம் இதுதான். டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற பய்யூமிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாளெல்லாம் வீட்டுக்குள்ளேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார். சமையலறை வாசலில், நிறுத்தத்தில் நிற்பது போல, நின்று நின்று போவார். இன்ஷிராஹ்தான் துரத்திவிட்டாள். "எங்கேயாவது போய்த் தொலைங்க, இறங்குறதுக்கு ஆளா இருக்கு இங்க?" துரத்தப்பட்டவர் மழைக்கு ஒதுங்கியது கடைசி டிராம் நிறுத்தத்துக்கு எதிரிலிருந்த கலைப் பயிற்சிக் கூடத்தில். உள்ளே இருபது வயசுப் பிள்ளைகள் கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டை வடிவமைப்பு வகுப்பு. புள்ளி, கோடு, வடிவம், நிறம்; ஒரு தாளுக்குள் எதை எங்கே வைத்தால் கண் எங்கே போகும் என்று பார்க்கிற படிப்பு. மழை விட்ட பிறகும் பய்யூமி வெளியே வரவில்லை. மறுநாளே சேர்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சாமான் நிற்கவில்லை. வகுப்பில் புள்ளிக்கு ஒரு செய்முறைப் பயிற்சி வேண்டும் என்றார்கள். அவள் மைசூர்ப் பருப்பும் தட்டாம்பயறும் அட்டையில் ஏறின. கோட்டுக்கு என்றார்கள், ரமலானுக்கு வாங்கிய சேமியா போனது. சொரசொரப்புக்கு அவள் முதுகு தேய்க்கிற பீர்க்கங்கூடு. "என்னைத்தான் இன்னும் வெட்டி ஒட்டலை" என்று ஒருநாள் கத்தினாள். பய்யூமி கோந்து டப்பாவை மூடிக்கொண்டே, "அதுக்கும் ஒரு செய்முறை வரும்" என்றார். தூக்கி அடிக்கக் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கிற மாதிரி இருந்ததெல்லாம் அட்டையில் இருந்தது.

இந்த வயசில் பொடிப் பெண்களோடு உட்கார்ந்து காகிதம் கத்தரிக்கிறார் என்று தவ்ஹீதாவிடம் எப்படிச் சொல்வது? "சாயங்காலம் காப்பிக் கடையில டோமினோ புள்ளிக்கட்டை ஆடப் போறாரு மதினி" என்று சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பொய்யை நன்றாகக் காப்பாற்றியும் வந்தாள்.

இன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கூடத்தில் எல்லோருடைய செய்முறைகளையும் மாட்டிக் கண்காட்சி. நாலைந்து நாளாகவே அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "புள்ளைங்க ஒட்டுன காகிதத்தைப் பாக்க நான் எதுக்கு? அடுப்புல வேலை கிடக்கு" என்று விட்டாள். அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துகிற மனுஷனாக இருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

சல்லடையைச் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தபோது, கட்டிலின் மேல் கிடந்த பய்யூமியின் ஃபோன் அடித்தது. மிரிஹான். தலைமுடியில் பாதி நீலமாக இருக்கிற பெண். வகுப்பில் அவருக்குப் பக்கத்து மேசை.

"மாமா! எங்க இருக்கீங்க? உங்க போர்டை மாட்டுனா ஒரு பக்கமா சாயுது. வலப்பக்க ஆணியைக் கொஞ்சம் இறக்கி அடிக்கவா?"

"நான் மாமி பேசுறேன்."

"மாமி! எப்படி இருக்கீங்க? மாமா இன்னும் எந்திரிக்கலையா?"

"எந்திரிச்சாரு. தொழுதாரு. போய்ட்டாரு."

"இங்க வரலையே?"

"அங்க இல்லம்மா" என்றாள் இன்ஷிராஹ். அப்போதுதான் அன்று முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "மவுத்தாயிட்டாரு."

அந்தப் பக்கம் சுத்தியல் ஒன்று தரையில் விழுந்தது. பிறகு அழுகை.

"அழுறதை அப்புறம் அழலாம். அந்தப் போர்டு என்ன துணியில செஞ்சது?"

"வெள்ளைத் துணி மாமி... மக்காவுல வாங்குனது, எங்க தேடுனாலும் கிடைக்காதுன்னு..."

"அதைக் கழட்டித் தூக்கிட்டு வா. இப்பவே வா."

"என்ன ரகசியம் அங்க?" என்று தவ்ஹீதா கத்தினாள். "துணியைக் கேட்டா ஃபோன்ல பேச்சு!"

இன்ஷிராஹ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். குளிப்பாட்ட வந்த ஷேக் மஹ்ரூஸ் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். பொறுமைக்குப் பேர்போன மனுஷன். ஆனால் லுஹர் நேரத்துக்குப் பொறுமை கிடையாதே.

"குளிப்பாட்ட ஆரம்பிங்க ஷேக். துணி வந்துக்கிட்டு இருக்கு."

"வந்துக்கிட்டு இருக்கா?" என்றாள் தவ்ஹீதா. "பெட்டியில இருக்கிற துணி எங்க இருந்து வருது? மக்காவுல இருந்து நடந்தா வருது?"

"வெயில்ல போட்டிருக்கேன் மதினி. பூச்சி வாடை அடிச்சுது."

"ஜம்ஜம் துணியில பூச்சியா! உதவாக்கரை. நான் கீழே கடையில நல்ல துணியா வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"வேண்டாம்" என்றாள் இன்ஷிராஹ். சொன்ன வேகத்தில் ஹாலில் இருந்த பெண்கள் எல்லாம் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "அவர் அந்தத் துணியிலதான் போவாரு. கடைத்துணி அவரைத் தொடக் கூடாது."

ஷேக் உள்ளே போனார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. இன்ஷிராஹ் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அவருக்குக் கழுத்தில் தண்ணீர் பட்டால் கூச்சம் வருமே என்று நினைத்தாள்.

சற்று நேரத்தில் மாடிப்படியில் அமளி. "கொஞ்சம் தூக்கு... இந்தப் பக்கம்... கைப்பிடிச் செவத்துல இடிக்குது..." ஒரு கதவளவு பலகையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஏழெட்டுப் பிள்ளைகள் படியேறி வந்தார்கள். எல்லோர் கையிலும் கோந்து. முன்னால் நீலத்தலை. பழுப்புக் காகிதத்தில் பொதிந்திருந்த பலகை வாசலில் சிக்கிக்கொண்டது. வந்திருந்த ஆண்கள் இரண்டு பேர் எழுந்து ஓடிப்போய் ஒரு கை பிடித்தார்கள்.

"குளிப்பாட்டுற பலகையா?" என்றாள் தவ்ஹீதா. "இப்பவா கொண்டு வர்றது? பாதிக் குளிப்பு முடிஞ்சிருச்சே! யாரு இந்தப் புள்ளைங்க? பள்ளிவாசல் ஆளுங்க மாதிரி இல்லையே. ஏம்மா, உன் தலையில என்ன கொட்டிச்சு?"

"நாங்க மாமாவோட வகுப்பு" என்றாள் மிரிஹான் அழுதுகொண்டே.

"என்ன வகுப்பு?"

"தட்டை வடிவமைப்பு."

தவ்ஹீதா இன்ஷிராஹைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் இன்ஷிராஹ். "டோமினோன்னு சொன்னே?"

"அதுலயும் புள்ளிதானே மதினி."

"ஒரு கிழவன், பேத்தி வயசுப் புள்ளைங்களோட உக்காந்து... யா அல்லாஹ்! என் தம்பி கத்திரிக்கோலும் கையுமா மவுத்தாயிருக்கான், எனக்குத் தெரியலை!"

"காலுறையும் கையுமாத்தான் மவுத்தானாரு. நீங்களா ஒண்ணும் சேக்காதீங்க."

அதற்குள் பிள்ளைகள் காகிதத்தைப் பிரித்து, பலகையைச் சுவரோரம் சாத்திவிட்டார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பலகை முழுக்க வெள்ளைத் துணி. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமே இல்லையே இதுல" என்றாள் தவ்ஹீதா. "வெறும் துணியைக் கட்டி வச்சுட்டு இதுக்குப் பேரு படிப்பா?"

"வெள்ளை மேல வெள்ளை வைக்கணும்ங்கிறதுதான் இந்தச் செய்முறை" என்று மிரிஹான் மூக்கை உறிஞ்சினாள். "நிறம் கூடாது, கோடு கூடாது. துணிக்கு மேல துணியை வச்சு, நிழல்லதான் உருவம் தெரியணும். நாங்க எல்லாரும் காகிதத்துல செஞ்சோம். மாமா மட்டும்தான் துணி. பக்கத்துல இருந்து வெளிச்சம் விழுந்தாத்தான் தெரியும். பாட்டிம்மா, நீங்க வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

"யாருடி பாட்டிம்மா?" என்றாள் தவ்ஹீதா. நாற்காலி ஓர் அங்குலம் நகரவில்லை.

இன்ஷிராஹ் பலகையின் பக்கத்தில் போய் நின்றாள். கீழே விரித்திருந்தது, காணாமல் போன மூன்றாவது துண்டு. அதன்மேல், சல்லடையிலிருந்து விழுந்ததெல்லாம் இருந்தது; வட்டம், நீளம், பிறை, அடுக்கடுக்காக. விளிம்பெல்லாம் மெல்லிய தையல், அடியில் கோந்து. முழுக் கஃபனும் இங்கேயும் பெட்டியிலுமாகப் பங்கு பிரிந்து கிடந்தது.

"இதைப் பிரிச்சு எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பிரிக்கலாம் மாமி" என்றான் ஒருவன். "ஆனா எதுக்கு?"

"எதுக்கா? அவரைச் சுத்தத்தான். இது அவரோட கஃபன்."

பலகையைப் பிடித்திருந்தவன் நெருப்பைத் தொட்டவன் போலக் கையை எடுத்துவிட்டான். மிரிஹான் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாலில் யாரோ ஒரு கிழவி, "அஸ்தஃபிருல்லாஹ்" என்றாள். பின்னாலிருந்து இன்னொருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு, அதை அழுகையாக மாற்றப் பார்த்தாள். தவ்ஹீதாவுக்குப் பேச்சு மொத்தமாக வந்தது.

"கஃபனை வெட்டினானா? தன் கஃபனைத் தானே வெட்டிப் பொம்மை செஞ்சானா? ஊருக்கெல்லாம் பெருமை பேசினியே இன்ஷிராஹ், ஜம்ஜம் துணி, ஜம்ஜம் துணின்னு! புருஷன் அதை வெட்டுறதுகூடத் தெரியாம என்னடி பண்ணிக்கிட்டு இருந்தே?"

"சமைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் இன்ஷிராஹ். அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் வலித்தது.

"மாமி, எங்களுக்குச் சத்தியமாத் தெரியாது" என்று மிரிஹான் கெஞ்சினாள். "எங்க மிஸ்கூடக் கேட்டாங்க, ஏன் இவ்வளவு நல்ல துணியை வெட்டுறீங்கன்னு. 'இது மண்ணுக்குள்ள போற துணி. போறதுக்கு முன்னாடி வீட்டம்மா ஒரு தடவை பாக்கணும்'னாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியலை. மாமா அப்படித்தான் ஏதாவது சொல்வாரு. இன்னைக்கு முன்வரிசையில உங்களுக்குன்னு ஒரு நாற்காலியைத் துடைச்சுப் போட்டு வச்சிருக்காரு, நேத்தே."

அறைக் கதவு திறந்தது. ஷேக் மஹ்ரூஸ் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார். "குளிப்பு முடிஞ்சுது. துணி?"

ஷேக் பலகையைப் பார்த்தார். தவ்ஹீதா விஷயத்தை நாலு வார்த்தையில் சொல்லிமுடித்தாள். அதில் மூன்று வார்த்தை இன்ஷிராஹுக்கு. ஷேக் தாடியைத் தடவினார்.

"சுத்தமான துணின்னா குத்தம் இல்லை. ஆனா கோந்து போட்டிருக்கே. பிரிச்சு, அலசி, காயவைக்கச் சாயங்காலம் அஸராயிரும். கடையில வாங்கிருங்க, அல்லாஹ் ஏத்துக்குவான்."

"அல்லாஹ் ஏத்துக்குவான். நான் ஏத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இன்ஷிராஹ் பெட்டி இருந்த படுக்கையறைக்குள் போனாள். பச்சை நாடாக் கட்டோடு திரும்பி வந்து ஷேக்கின் கையில் வைத்தாள். "இதுவும் அதே கட்டுத் துணிதான். அதே தண்ணியில முக்குனது."

ஷேக் பிரித்துப் பார்த்தார். "இது பொம்பளைக்கு உள்ளது. சட்டை, முக்காடு எல்லாம் இருக்கு."

"சட்டையையும் முக்காட்டையும் எடுத்துட்டுக் குடுங்க. மிச்சம் மூணு. ஆம்பளைக்கு மூணு போதும்தானே?"

"போதும். அகலம்தான் கொஞ்சம் அதிகமா இருக்கு."

"என் அகலத்துக்கு வாங்குனது. அவருக்கு ரெண்டு சுத்து வரும். குளிர்காலம், சுத்தட்டும்."

இந்த முறை யாரும் சிரிப்பை மறைக்கவில்லை. ஷேக்கும் மீசைக்குள் எதையோ விழுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். நாடா மட்டும் இன்ஷிராஹின் கையில் மிஞ்சியது.

லுஹருக்கு எடுத்துவிட்டார்கள். படியில் இறக்கும்போது சந்தூக்குப் பெட்டியின் ஒரு முனையை வகுப்புப் பிள்ளைகளும் தாங்கினார்கள். கைப்பிடிச் சுவர் எங்கே இடிக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தெருமுனையில் டிராம் ஒன்று நின்று வழிவிட்டது. ஓட்டியவர் மணியை ஒருமுறை அடித்தார். பால்கனியில் நின்ற இன்ஷிராஹ் அப்போது அழுதாள். பிள்ளை போல, முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு, தேற்ற வந்தவர்களைத் தள்ளிவிட்டு அழுதாள்.

பிற்பகலில் பெண்கள் வந்து வந்து உட்கார்ந்தார்கள். துக்க வீட்டுச் சர்க்கரையில்லாத காப்பி சுற்றிவந்தது. அடக்கம் முடிந்து கபருஸ்தானிலிருந்து திரும்பிய பிள்ளைகள் அதை ஒரு வாய் குடித்துவிட்டு முழிபிதுங்கி நின்றார்கள். பிறகு மிரிஹான் மெல்ல வந்து இன்ஷிராஹின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி, போர்டை எடுத்துட்டுப் போகட்டுமா? இன்னைக்கு மாட்டலைன்னா மாமாவுக்கு மார்க் வராது."

"மார்க்கை வச்சு அவர் அங்க என்ன பண்ணப் போறாரு? கபருல வானவர் முன்கர் நக்கீர் வந்து கேள்வி கேட்டா காட்டவா?" என்றாள் தவ்ஹீதா.

"கொண்டு போங்க" என்றாள் இன்ஷிராஹ். "நான் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கணும், வெளியே வர முடியாது. அந்த நாற்காலியில யாரையும் உக்கார வைக்காதீங்க. முடிஞ்சதும் இங்கேயே கொண்டுவந்து என் கட்டிலுக்கு எதிர்ல மாட்டிக் குடுங்க."

"ஃபிரேம் போட்டுக் கண்ணாடி மாட்டித் தர்றோம் மாமி. தூசி படியாது."

"கண்ணாடி வேண்டாம். ஆணியும் வேண்டாம், சுலபமாக் கழட்டுற மாதிரி ஸ்குரூ போடுங்க."

"ஏன் மாமி?"

"சட்டையும் முக்காடும் பெட்டியில இருக்கு" என்றாள் இன்ஷிராஹ், கையிலிருந்த பச்சை நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே. "மிச்சம் இதுதானே. எனக்கு வேணும்கிற அன்னைக்கு யாராவது அவசரத்துல கழட்டணும்."

மிரிஹானுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. தவ்ஹீதாவுக்கு உடனே புரிந்தது. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள், நாற்காலியை ஒரு கையால் சுவர்ப்பக்கம் இழுத்தாள், போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

பால்கனி வழியாகச் சாய்ந்த வெயில் தடையில்லாமல் உள்ளே வந்து பலகையின்மேல் பக்கவாட்டில் விழுந்தது. வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக விளிம்புகள் எழும்பின. கீழே ஒரு மொட்டைமாடி. மேலே ஒரு சூரியன், டீத் தட்டின் அளவு. நடுவில் காற்றில் உப்பிய ஒரு நீளத் துணி. அதன் இடது முனையைப் பிடித்துக்கொண்டு, தோள் கூனிய ஒல்லி ஆண் ஒருவன். வலது முனையில் ஒரு பெண். அவனைவிட இரண்டு மடங்கு அகலம்.

"எவ்வளவு கொழுப்பு பாருங்க மதினி" என்றாள் இன்ஷிராஹ்.

தவ்ஹீதா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "குறைச்சுத்தான் வெட்டியிருக்கான்" என்றாள்.

பிள்ளைகள் எழுந்து பலகையைத் தூக்கப் போனார்கள். இன்ஷிராஹ் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கொஞ்சம் இருங்க. வெயில் இறங்கட்டும்."